நான்காம் களத்துப் பொம்மை

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அரிசோனாவில் ஹாலோவே என்ற ஊருக்குத் தெற்கே உள்ள சுடுதிடலில் 'சார்ஜென்ட் டோபின் லஸ்க் நினைவுப் போட்டி' ஏழாவது ஆண்டாகத் தொடங்கியது. பதிவு செய்திருந்தவர்கள் நூற்று எண்பத்து நான்கு பேர்.

ரைபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். மொத்தம் எட்டுக் களங்கள். ஒவ்வொன்றிலும் ஓடி, குனிந்து, தவழ்ந்து, இலக்குகளை வீழ்த்தி, குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயிப்பார். நான்காம் களத்துக்கு நடுவர் வெர்ன் ராட்கி. நாற்பத்தொரு வயது. வாரநாட்களில் பண்ணைவீடுகளுக்குச் சமையல் வாயு கொண்டுபோகும் லாரியை ஓட்டுகிறவன். காகிதக் கோப்பையில் காபியை வைத்துக்கொண்டு வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி நின்றான். இந்தக் காட்சியைத் தவறவிடக் கூடாதென்றே ஒவ்வொரு ஆண்டும் சீக்கிரம் வந்துவிடுவான்.

அங்கே ஒரு படை இறங்கிக்கொண்டிருந்தது. பல் மருத்துவர்கள், வீட்டுத் தரகர்கள், நீச்சல்குளம் கட்டும் ஒப்பந்தக்காரர்கள். வண்டிக் கதவைத் திறக்கும்போது மட்டும் ஏதோ மலைமுகட்டில் மூன்று மாதம் பதுங்கிக் கிடந்து திரும்பியவர்களைப் போல இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே தாடி. மார்பில் மண்டையோட்டுப் படம். பாலைவன நிறத்தில் கால்சட்டை, அதில் எட்டுப் பை, எட்டிலும் ஒன்றுமில்லை. துப்பாக்கிகளைத் தோளில் சுமந்து நடக்க ஒருவராலும் முடியாது. மூன்று சக்கரக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழந்தை உட்கார வேண்டிய இடத்தில் மூன்று துப்பாக்கி, ஒரு குடை, ஒரு ஐஸ் பெட்டி.

அமண்ட்சன் என்ற பல் மருத்துவர் வெர்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். போன ஆண்டு இரண்டாம் இடம் பிடித்தவர். வெர்ன் ஈராக்கில் இருந்தவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, பிரார்த்தனைக் கூடத்தில் பேசுகிற மாதிரி கேட்டார்.

"நீங்க அங்க இருந்தவராமே அண்ணே. நிஜமா சண்டைல நிக்கும்போது எப்படி இருக்கும்?"

"தூக்கம் தூக்கமா வரும்," என்றான் வெர்ன்.

அமண்ட்சன் இதில் ஏதோ ஆழம் இருப்பதாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டியபடி போனார்.

வெர்ன் பொய் சொல்லவில்லை. ராணுவத்தில் ஐந்து வருடம் இருந்தான். அதில் நாலரை வருடம் வரிசையில் நின்றதும், கையெழுத்துப் போட்டதும், சுத்தமாக இருந்த துப்பாக்கியைத் திரும்பச் சுத்தம் செய்ததும்தான். ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சிக்கு நாற்பது தோட்டா கொடுப்பார்கள். சுட்டு முடித்தால் வெற்று உறைகளை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். ஈராக்கில் இருந்த பதினோரு மாதத்தில் அவன் சுட்டது ஒன்பது தோட்டா. எதிரே இருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. இந்தப் பல் மருத்துவர் ஒரு சனிக்கிழமையில் சுடுகிறதை ஒரு படைப்பிரிவு ஆறு மாதத்தில் சுட்டிருக்காது. நன்றாகவும் சுட்டார், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவ்வளவு நன்றாகச் சுடுகிற மனிதருக்கு அந்த வேடம் எதற்கு என்பதுதான் வெர்னுக்கு விளங்கியதில்லை.

ஏழரை மணிக்கு எல்லோரும் கொடிக்கம்பத்தடியில் கூடினார்கள். போட்டியை நடத்துகிற கோல்பி ஹாஸ்கின்ஸ் ஒரு டிரக்கின் பின்தட்டில் ஏறி நின்றான். அகன்ற தோள், சிவந்த தாடி, சட்டையில் பதினான்கு நிறுவனங்களின் பெயர். தலைக்கு மேலே அவனுடைய ஆட்கள் பறக்கவிட்ட கேமரா வண்டுபோல இரைந்தது. ஒலிபெருக்கியில் ஆண்டுதோறும் படிப்பதைப் படித்தான். 2004 நவம்பர். ஈராக்கின் பலத் நகருக்கு அருகே கால்வாய்ச் சாலை. இருபுறமும் பதுங்கியிருந்த எதிரிகள். எரிகிற வண்டியின் மேல் கடைசித் தோட்டாவரை நின்று சுட்ட இருபத்து மூன்று வயது டோபின் லஸ்க். தோழர்கள் அவனை இழுத்துக்கொண்டு ஓடிய பதினைந்து மீட்டர். "அந்தப் பதினைந்து மீட்டரைத்தான் இன்னிக்கு நான்காம் களத்துல நீங்க ஓடப்போறீங்க," என்று முடிக்கும்போது கோல்பியின் குரல் சரியான இடத்தில் உடைந்தது. தொப்பிகள் கழன்றன. ஒரு நிமிட மௌனம். ஒருவர் கைபேசியில் அதைப் படமெடுத்தார்.

கோல்பியும் ராணுவத்தில் இருந்தவன்தான். குவைத்தில், குளியல்–சலவைப் பிரிவில். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. 'பாலைவனத்துல இருந்தேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூரத்தைப் பார்ப்பான். வெர்னுக்குச் சலவையின் மேல் எந்த இளக்காரமும் கிடையாது. அந்தப் பதினோரு மாதத்தில் அவன் நன்றியோடு நினைத்துப் பார்க்கிற ஒரே விஷயம் துவைத்த காலுறைதான். ஒரு மனிதன் ஆயிரம் பேருக்குச் சுத்தமான காலுறை கொடுத்ததை மறைத்து, இல்லாத சண்டையைச் சொல்லிக்கொண்டு திரிகிறானே என்பதுதான் அவனுக்குக் குமட்டியது.

ஏனென்றால் அந்தச் சாலையில் எதிரி யாரும் இல்லை. இது வெர்னுக்குத் தெரியும். அந்த வண்டியை ஓட்டியவன் அவன்.

நடந்தது இவ்வளவுதான். நடுநிசியில் விளக்கை அணைத்துக்கொண்டு போகும் வரிசையில் மூன்றாவது வண்டி. டோபின் வண்டிக் கூரையில் திறந்த வளையத்தில், இடுப்புவரை வெளியே, பெரிய துப்பாக்கியின் பின்னால் நின்றிருந்தான். கால்வாய்க் கரை இடிந்து வலது சக்கரங்கள் இறங்கின. வண்டி சாயும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பயிற்சி உண்டு. முந்தைய மாதம்தான் மூன்று நாள் செய்திருந்தார்கள். ஓட்டுகிறவன் 'கவிழுது' என்று மூன்று முறை கத்த வேண்டும். கத்தியவுடன் மேலே நிற்பவன் உடம்பைக் குறுக்கி உள்ளே இறங்குவான். பின்னால் இருப்பவன் அவன் கால்களைப் பிடித்து இழுப்பான். வெர்ன் கத்தவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். வண்டி கவிழ்ந்து, டோபின் அதனடியில் சிக்கிச் செத்தான். மறுநாள் விசாரணை அதிகாரி ஒரு தாளைக் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னபோது, மூன்று முறை கத்தியதாக எழுதினான். பின்னால் இருந்தவனுக்குத் தலையில் அடிபட்டு ஒன்றும் நினைவில்லை. அதிகாரி அதை அப்படியே அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

டோபினின் தாய் நோரீன் லஸ்க்கிடம் அந்த அறிக்கை இருந்தது. பெயர்களை மட்டும் கருப்பு மையால் அழித்திருந்தார்கள். விபத்து என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். போட்டி தொடங்கிய ஆண்டில் கோல்பி போய் அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறான். விபத்து என்று சொன்னால் எவன் வருவான் என்றானாம். உன் இஷ்டம், பெயரைச் சொன்னால் சரி என்று அவர் சொல்லிவிட்டாராம். இதை கோல்பியே சிரித்துக்கொண்டு வெர்னிடம் சொன்னான். அன்றைக்குப் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மயக்கத்தில், வண்டியை ஓட்டியது நான்தான் என்று வெர்னும் உளறிவிட்டான். கத்தாததை மட்டும் சொல்லவில்லை. அதை உலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு ஏழு ஆண்டாக, கேட்பதற்கு முன்பே, நான்காம் களத்தை எடுத்துக்கொண்டுவிடுவான். இந்த வெத்துவேட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் காறித் துப்புவதற்காக வருகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். அது பாதி உண்மை. மீதிப் பாதி, களத்தின் பின்னால் கித்தான் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

நோரீனுக்கு அறுபத்தெட்டு வயது. ஆண்டுதோறும் நடுவர்களுக்காக எலுமிச்சை இனிப்பு வில்லைகள் செய்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் எடுத்து வருவார். மாலையில் கோப்பை வழங்குவார். நடுவில் நாள் முழுக்க நான்காம் களத்தில் உட்கார்ந்து, தன் மகனை ஆட்கள் இழுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இழுப்பது ஒரு பொம்மையை. எழுபது கிலோ, தீயணைப்புக்காரர்கள் பயிற்சிக்கு வைத்திருப்பது. ராணுவச் சட்டை மாட்டி, மார்பில் 'லஸ்க்' என்று பெயர்ப்பட்டை ஒட்டியிருந்தார்கள். ஓட்டம் இப்படி: ஒரு சுவரின் பின்னாலிருந்து ரைபிளால் ஒன்பது இலக்குகள். அது முடிந்ததும் ரைபிளைப் பக்கத்தில் உள்ள நீலப் பீப்பாயில் போட்டுவிட்டு, பொம்மையை ஒரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டே மறுகையால் பிஸ்டலில் ஆறு இரும்புத் தட்டுகள். பதினைந்து மீட்டர் தாண்டியதும் பொம்மையைப் போட்டுவிட்டு ஷாட்கன்.

பீப்பாயில்தான் எல்லாம் இருக்கிறது. கையை விட்டுப் போகிற துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும், அல்லது விசை அழுந்தாதபடி சேஃப்டி போட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த இடத்திலேயே வெளியேற்றம். அந்தக் களத்திலிருந்து மட்டுமல்ல, மொத்தப் போட்டியிலிருந்தும். மறுபேச்சு கிடையாது. அந்த விளையாட்டில் வெர்ன் மதித்தது இந்த ஒரு விதியைத்தான். மாநிலத்திலேயே 'நில்' என்று முதலில் கத்துகிறவன் என்று அவனுக்கு ஒரு பெயர் உண்டு. தொண்டை வலிக்கு மிட்டாய் வைத்துக்கொள்வான்.

அன்று காலை பெட்டியைத் திறந்து நீட்டியபோது நோரீன் வழக்கம்போலச் சொன்னார்.

"சக்கரை கம்மியாத்தான் போட்டேன்."

"நல்லாருக்குங்கம்மா."

ஏழு ஆண்டாக இருவருக்கும் இடையே இவ்வளவுதான் பேச்சு.

போட்டி நடந்தது. ஒரு தரகர் பொம்மையின் காலைப் பிடித்து இழுத்தார். தலை ஜல்லியில் தட்டித் தட்டி வந்தது. இன்னொருவர் பாதி வழியில் மூச்சுவாங்கி நின்று, செத்த பயல் என்னமா கனக்கிறான் என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தவர்கள் நோரீனைக் கண்டதும் இருமினார்கள். அமண்ட்சன் நாற்பத்தொரு வினாடியில் முடித்தார். முடித்ததும் முழங்காலில் அமர்ந்து பொம்மையின் மார்பில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மனைவி படமெடுத்தாள். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு முறை கண்ணை மூடச் சொன்னாள்.

புள்ளிகளை டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருந்த இனெஸ் என்ற பெண் வெர்னின் பக்கம் சாய்ந்தாள். "லஸ்க்க நாப்பத்தோரு செகண்டுல காப்பாத்திட்டாரு. ராணுவத்துக்கு ஒரு பல் டாக்டர் போதும்போல."

வெர்ன் சிரித்தான். சிரித்துவிட்டு நாற்காலிப் பக்கம் பார்த்தான். நோரீன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு கோல்பி வந்தான். போட்டியை நடத்துகிறவர்களும் நடுவர்களும் முந்தின நாளே சுட்டு முடித்துவிடுவதுதான் வழக்கம். வெர்னும் வெள்ளிக்கிழமை சுட்டு, எழுபத்தோராவது இடத்தில் இருந்தான். கோல்பி மட்டும் இந்த முறை சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டான். ஒரு துப்பாக்கி நிறுவனம் அவனை வைத்துப் படமெடுக்க ஆள் அனுப்பியிருந்தது. ஏழு களம் முடித்து, அமண்ட்சனை விட முன்னால் இருந்தான். இந்த ஒன்று மிச்சம். நாற்பது, ஐம்பது பேர் பின்னால் கூடிவிட்டார்கள். கோல்பி நோரீனிடம் போய்க் குனிந்து அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். கேமரா அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு வந்து சுவரின் பின்னால் நின்றான்.

"தயாரா?" என்றான் வெர்ன். கோல்பி தலையசைத்தான். "பொறு," என்று வெர்ன் கையிலிருந்த டைமரை அழுத்தினான். அது கிறீச்சிட்டது.

கோல்பி நன்றாகச் சுட்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்குகள் கடகடவென்று போயின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா. முதல் தோட்டா நட்டநடுவில் பட்டால் ஒன்றே போதும். ஒன்பதாவது இலக்கின் நடுவில் ஒன்று விழுந்தது. இரண்டாவதுக்கு விசையை அழுத்தினான். டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவன் தன் கையாலேயே அடைத்த தோட்டா, நமத்துப்போயிருந்தது. நடுவில் பட்டது போதும், வினாடியை ஏன் வீணாக்க வேண்டும் என்று நினைத்திருப்பான். கட்டைவிரலால் சேஃப்டியைத் தள்ளிவிட்டு ரைபிளைப் பீப்பாயில் எறிந்து பொம்மையை நோக்கிப் பாய்ந்தான்.

அந்த வகை ரைபிளில் ஒரு குணம் உண்டு. விசையை அழுத்தி உள்ளே இருக்கும் சுத்தியல் விழுந்துவிட்டால் சேஃப்டி ஏறாது. எவ்வளவு தள்ளினாலும் அதன் நெம்பு அசையாது. பத்தாயிரம் முறை தள்ளிப் பழகிய விரல், தள்ளியதும் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டுவிடும். நாள் முழுக்கச் சுடுகிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது. பீப்பாயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ரைபிளில் நெம்பு சுடும் நிலையிலேயே நெட்டுக்குத்தலாக நின்றது. உள்ளே ஒரு தோட்டா கிடந்தது. வெடிக்காத தோட்டா சில நேரம் தாமதித்து வெடிக்கும்.

"நில்! நில்! நில்!"

வெர்னின் குரல் பக்கத்துக் களம்வரை கேட்டது. கோல்பி பொம்மையின் தோள்பட்டியைப் பிடித்தபடி உறைந்தான். பிஸ்டலைக் காலி செய்து காட்டி உறையில் வைக்கச் சொல்லிவிட்டு, வெர்ன் ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருந்தான். பிறகு பீப்பாய்க்குப் போய் ரைபிளை எடுத்து, தோட்டாவை வெளியே தள்ளி, தரையிலிருந்து பொறுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

கோல்பி வந்து பார்த்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சிரித்த முகம் மாறாமல், மெல்லப் பேசினான்.

"அதைப் பையில போடுய்யா. டைமர் கோளாறுன்னு எழுது. நான் திரும்ப ஓடுறேன்."

"சேஃப்டி இல்ல. உள்ள தோட்டா இருக்கு. வெளியேற்றம்."

"அப்பீல் எங்கிட்டதான் வரும், தெரியும்ல?"

"வரட்டும். இனெஸ் பாத்தா. கேமராவும் பாத்துச்சு."

கோல்பியின் சிரிப்பு கொஞ்சம் இறுகியது. "லாரி ஓட்டுற பயலுக்கு வந்த வாழ்வு. உன்னை யாரு இங்க சேத்துக்கிட்டா? அதோ பாரு, நோரீன் உக்காந்திருக்காங்க. அன்னிக்கு ஸ்டியரிங்க எவன் புடிச்சிருந்தான்னு நான் போய்ச் சொல்லட்டுமா? இத்தனை வருஷமா எவனுக்குப் பலகாரம் குடுத்தாங்கன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

வெர்ன் தோட்டாவைப் பார்த்தான். கோல்பியின் மேல் அவனுக்கு இருந்த இளப்பம் அந்த நேரத்தில் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது. இந்த ஆள் ஒரு சண்டையைக் கட்டிவிட்டான். பல் மருத்துவர் ஒரு கண்ணீரைக் கட்டிவிட்டார். இவர்கள் பொய்யால் எவன் உயிரும் போகவில்லை. ஒரு நடுநிசிக் கால்வாய்க் கரையில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்து, மறுநாள் காலை தெளிவான கையெழுத்தில் பொய் எழுதி, கீழே தேதியும் போட்டவன் அவன்தான். அந்தத் திடலில் நின்ற நூற்று எண்பத்து நான்கு வேடக்காரர்களையும் சேர்த்து வைத்தாலும் பொய்யில் தன் காலணிக்குக்கூட வரமாட்டார்கள் என்று தோன்றியது.

"இனெஸ்," என்றான் உரக்க. "ஹாஸ்கின்ஸ், வெளியேற்றம். எழுது."

கூட்டத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. கோல்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வெர்ன் டைமரை இனெஸின் மேசையில் வைத்துவிட்டுக் கித்தான் நிழலை நோக்கி நடந்தான். கோல்பி நாலடி பின்தொடர்ந்து வந்து, கேமரா தன் பக்கம் திரும்புவதைப் பார்த்து நின்றுகொண்டான்.

நோரீன் நிமிர்ந்து பார்த்தார். "என்ன தகராறு?"

"துப்பாக்கியப் பூட்டாமப் போட்டுட்டார். வெளிய அனுப்பிட்டேன்."

"விதின்னா விதிதானே. அதுக்கு ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அம்மா, டோபின் இருந்த வண்டிய ஓட்டினது நான்."

நோரீன் மடியில் இருந்த பெட்டியின் மூடியைப் பொருத்தி, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"ஏழு வருஷமா என் கையால வாங்கித் தின்னிருக்கே."

"ஆமா."

"நல்லாருக்குன்னு வேற சொன்னே."

பக்கத்துக் களத்தில் இரும்புத் தட்டுகள் கணகணவென்று விழுந்தன.

"ஓட்டினவன் மூணு தடவ கத்தினான்னு ரிப்போர்ட்டுல போட்டிருக்கு," என்றார். "பக்கம் நாலு. அந்த வரி எனக்கு மனப்பாடம். அப்ப அது நீதானா?"

"எழுதிக் குடுத்தது நான். ஆனா கத்தல. வாய் தொறந்துச்சு, சத்தம் வரல. மறுநாள் கத்தினேன்னு எழுதிட்டேன்."

நோரீன் பொம்மையின் பக்கம் திரும்பினார். அது கோல்பி விட்ட இடத்தில் ஒரு கையைத் தூக்கியபடி கிடந்தது.

"அவன் சின்னதுலேர்ந்தே மந்தம்," என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "சாப்பிடக் கூப்பிட்டா நாலு தடவ கூப்பிடணும். ஸ்கூல் பஸ்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சு அலுத்துப்போவான். மூணு தடவ கத்தியும் உள்ள இறங்காம பராக்குப் பாத்துட்டு நின்னிருக்கான் பாரு, மடப்பயன்னு, பதினஞ்சு வருஷமா நான் அவனைத் திட்டிட்டிருக்கேன். ராத்திரி ராத்திரி திட்டிருக்கேன்."

வெர்ன் என்னென்னவோ தண்டனையை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்காகத் தயாராக இருந்தவன். அறை விழும் என்று நினைத்தான், அழுகை வரும் என்று நினைத்தான், ஒரு மோசமான நாளில் மன்னிப்புக்கூடக் கிடைக்கும் என்று நினைத்திருந்தான். இது அவன் பட்டியலில் இல்லை.

"யாரும் கூப்பிடவே இல்லையா அவனை," என்றார் நோரீன்.

"இல்லம்மா."

"அம்மான்னு கூப்பிடாதே. தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கிறே."

வெர்ன் விலகினான். நோரீன் எழுந்து, நாற்காலியை மடக்கி அங்கேயே சாய்த்துவிட்டு, களத்துக்குள் நடந்தார். ஆட்கள் வழிவிட்டார்கள். பொம்மையின் அருகே குனிந்து மார்பில் இருந்த பெயர்ப்பட்டையைப் பிடித்து இழுத்தார். ஒட்டுப்பட்டை நீளமாகக் கிழிகிற சத்தத்தோடு வந்தது. அதைக் கைப்பைக்குள் வைத்தார். கோல்பி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, நோரீன், நான் வந்து, என்று ஏதோ தொடங்கினான். அவர் அவனைத் தாண்டி வண்டிகள் நிற்கும் பக்கம் போனார். அமண்ட்சனின் மனைவி படமெடுக்கக் கைபேசியைத் தூக்கினாள். இனெஸ் அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

பெட்டி நாற்காலியடியில் இருந்தது. அதில் பதினொரு வில்லைகள் மிச்சம். மாலைவரை யாரும் எடுக்கவில்லை. பிறகு எறும்பு வந்துவிட்டது.

முடிவுப் பட்டியல் ஐந்தரை மணிக்கு ஒட்டப்பட்டது. முதலிடம் அமண்ட்சன். ஹாஸ்கின்ஸின் பெயருக்கு நேரே, வெளியேற்றம், நான்காம் களம், நடுவர் ராட்கி என்று இருந்தது. கோப்பையை கோல்பியே வழங்கினான்.

நவம்பரில் வெர்ன் ராணுவ ஆவணப் பிரிவுக்கு, 2004ஆம் ஆண்டு வாக்குமூலத்தில் தான் எழுதிய ஒரு வரி பொய் என்று கடிதம் அனுப்பினான். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது, விசாரணை முடிந்துவிட்டதால் மீண்டும் திறக்கப்படாது, நகல் ஒன்று நெருங்கிய உறவினருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இருந்தது. நோரீனிடமிருந்து எதுவும் வரவில்லை.

அடுத்த போட்டி 'ஹாலோவே பாலைவனக் கோப்பை' என்ற பெயரில் நடந்தது. பதிவு செய்தவர்கள் இருநூற்று மூன்று பேர். நான்காம் களத்துக்கு வேறு நடுவர். பொம்மை இருந்தது.